கிளைக்கால் கண்ட பேராசான் உர்ட்ஸ்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

நம் பாடநூலில் உர்ட்ஸ் வினை என்று ஒன்று உண்டு. ஆல்கைல் ஹாலைடை உலர்ந்த ஈதரில் சோடியத்தோடு வினைபுரியச் செய்தால் இரண்டு சிறிய கார்பன் சங்கிலிகள் கைகோத்து ஒரு நீண்ட சங்கிலியாகும். தேர்வில் இதற்கு இரண்டு மதிப்பெண். சமன்பாட்டை எழுதி, அம்புக்குறி போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். உர்ட்ஸ் என்பது ஊரா, பேரா என்றுகூட நம்மில் பலர் கேட்டதில்லை. வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒரு மனிதர் கடைசியில் ஓர் அம்புக்குறியின் தலைமேல் அமர்ந்திருக்கிறார்!

இவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் அந்த வினை அன்று. எங்கள் வீட்டில் எழுந்த ஒரு கேள்விக்கு விடை தேடித் துறை நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டியபோது, எதிர்பாராத இடத்தில் இவர் வந்து நின்றார். அந்தக் கேள்வியைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

சார்ல் அடோல்ஃப் உர்ட்ஸ் 1817-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள், பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரை அடுத்த வோல்ஃபிஸ்ஹைம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் லூத்தரன் திருச்சபையின் போதகர். ஊர் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தது. வீட்டிலும் தெருவிலும் ஜெர்மன் சாயலுள்ள பேச்சு. அரசும் பள்ளியும் பிரெஞ்சு. இந்த இரட்டை வாழ்க்கை அவரைக் கடைசி வரையில் விடவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

மகனும் தன்னைப்போலவே இறையியல் படித்துப் போதகராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ மனம் வேதியியலில். வேதியியல் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்கிறது, நண்பர்களே! முடிவில் தந்தையும் மகனும் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். இறையியல் வேண்டாம், ஆனால் மருத்துவம் படிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கும் அல்லவா? உர்ட்ஸ் அந்த வழியாக நுழைந்துகொண்டார். 1839-இல் ஸ்ட்ராஸ்பூர்க் மருத்துவப் பிரிவிலேயே வேதியியல் செய்முறைப் பணிகளுக்குப் பொறுப்பாளரானார். 1843-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். முட்டையின் வெண்கருவிலும் இரத்தத்திலும் உள்ள புரதங்களைப் பற்றிய ஆய்வேடு அது. பெயருக்கு மருத்துவம், உள்ளே வேதியியல்.

இடையில் 1842-இல் ஜெர்மனியின் கீசன் நகருக்குப் போய் லீபிக்கிடம் பயின்றார். லீபிக்கின் ஆய்வுக்கூடம் அன்றைய ஐரோப்பாவின் வேதியியல் குருகுலம். ஆசிரியர் பேச, மாணவர் குறிப்பெடுக்க என்றில்லாமல் மாணவர்கள் தம் கையாலேயே குடுவையைப் பிடித்துக் கற்றுக்கொள்ளும் முறையை அங்கேதான் அவர் கண்டார். பிற்காலத்தில் பாரிசில் அதையே தாமும் செய்து காட்ட விரும்பினார். அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமன்று.

பாரிசுக்கு வந்தவர் முதலில் புரோமினைக் கண்டறிந்த பலார் அவர்களின் ஆய்வுக்கூடத்திலும், பிறகு டூமா அவர்களிடமும் பணி செய்தார். 1845-இல் மருத்துவக் கல்லூரியில் டூமாவுக்கு உதவியாளர். 1849-இல் டூமாவுக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் ஆசிரியர். பதவி வந்ததே தவிர, ஆய்வு செய்ய இடம் வரவில்லை. 1850-இல் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கரான்சியேர் தெருவில் ஒரு வீட்டில் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கினார். சிறிது காலத்தில் அந்த வீடே விற்கப்பட்டு, ஆய்வுக்கூடத்தை மூட வேண்டியதாயிற்று. அதே 1850-இல் வெர்சாயில் புதிதாகத் தொடங்கிய வேளாண் கல்விக்கூடத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1852-இல் அரசு அந்தக் கல்விக்கூடத்தையே எடுத்துவிட்டது. உட்கார்ந்த கிளையெல்லாம் முறிந்த கதைதான். 1853-இல் மருத்துவக் கல்லூரியில் இரண்டு பழைய பதவிகளை ஒன்றாக்கிக் கரிம, கனிம வேதியியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதில் அமர்ந்த பிறகே அவர் வாழ்க்கை நிலைகொண்டது. அப்போது அவருக்கு வயது 35.

நிலைகொள்ளாத அந்த நாள்களிலேயே அவர் பெயர் பரவிவிட்டது. 1849-இல், அம்மோனியாவைப்போலவே நெடியடிக்கும் ஆனால் தீப்பற்றி எரியும் ஒரு வாயுவைத் தயாரித்தார். அம்மோனியாவில் ஒரு ஹைட்ரஜன் அணுவை எடுத்துவிட்டு அங்கே ஒரு கரிமத் தொகுதியை வைத்தால் என்ன வருமோ அதுதான் அது. இன்று அமீன்கள் என்று நாம் படிக்கும் குடும்பத்தின் முதல் பிள்ளைகளாகிய மெத்தில் அமீனும் எத்தில் அமீனும் இப்படிப் பிறந்தன. 1855-இல் வந்தது நம் இரண்டு மதிப்பெண் வினை.

அடுத்த ஆண்டு, 1856-இல், அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஆதலால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

அப்போது பெர்த்தலோ என்ற மற்றொரு பிரெஞ்சு அறிஞர் கிளிசரினை ஆராய்ந்து, அது ஒரு மடங்குக்குப் பதிலாக மூன்று மடங்கு அமிலத்தோடு சேரக்கூடியது என்று காட்டியிருந்தார். சாராயம் என்கிற எத்தில் ஆல்கஹால் ஒரு மடங்கு அமிலத்தோடுதான் சேரும். உர்ட்ஸ் இதைப் பார்த்தார். ஒன்று இருக்கிறது, மூன்று இருக்கிறது; நடுவே இரண்டு எங்கே? படிக்கட்டில் ஒரு படி குறைந்தால் நம் கால் தானாகவே தேடுமே, அதுபோல அவர் மூளை அந்த நடுப்படியைத் தேடிற்று. இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அதன்பிறகு அதைச் செய்யப் புறப்பட்டார். தற்செயலாகக் குடுவையில் ஏதோ மாறிப்போய்க் கண்டுபிடித்த கதைகளை நாம் நிறையப் படிக்கிறோம். எனக்கு அவற்றைவிட இதுவே மேலாகப் படுகிறது.

செய்முறை இதுதான். எத்திலீன் அயோடைடை எடுத்து வெள்ளி அசிட்டேட்டோடு சேர்த்தார். வெள்ளி அயோடினைப் பற்றிக்கொண்டு மஞ்சள் நிற வீழ்படிவாகக் கீழே போய்விட்டது. அயோடின் விட்டுப்போன இரண்டு இடங்களிலும் அசிட்டேட் வந்து உட்கார்ந்தது. அந்தச் சேர்மத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் பிரித்து வடித்தெடுத்தபோது, நிறமில்லாத, மணமில்லாத, சற்றே குழகுழப்பான ஒரு நீர்மம் கிடைத்தது. இரண்டு கார்பன், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. தேடிய நடுப்படி கிடைத்துவிட்டது. கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் இடைப்பட்டது என்பதால் முன்னதின் தலையையும் பின்னதின் வாலையும் எடுத்துக் கிளைக்கால் என்று பெயரிட்டார். பெயரைக் கேட்டாலே குலம் தெரியும். அது நாவில் இனிக்கும் என்பதையும் அக்கால வேதியியலார் அறிந்திருந்தார்கள். அந்த இனிப்பைப் பற்றிக் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதோடு அவர் நிற்கவில்லை. 1859-இல் எத்திலீன் குளோரோஹைட்ரினில் காரத்தைச் சேர்த்து எத்திலீன் ஆக்சைடு என்ற மூன்று மூலை வளையச் சேர்மத்தைச் செய்தார். அந்த எத்திலீன் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் மறுபடியும் கிளைக்கால் வரும் என்பதையும் கண்டார். ஆய்வுக்கூட மேசைமேல் சில கிராம் அளவில் செய்த இந்த இரண்டாவது வழிதான் பின்னாளில் உலகத் தொழிற்சாலைகள் பலவற்றுக்கும் வழியாயிற்று. மூன்று கார்பன் கொண்ட தம்பியாகிய புரொப்பிலீன் கிளைக்காலைத் தந்தவரும் இவரே.

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது நிறையை மட்டும் எழுதுவது நம் வழக்கம். ஆனால் கூப்பர் கதையை விட்டுவிட்டு உர்ட்ஸ் கதையை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆர்ச்சிபால்ட் ஸ்காட் கூப்பர் ஸ்காட்லாந்துக்காரர். உர்ட்சின் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்த இளைஞர். கார்பனுக்கு இணைதிறன் நான்கு, கார்பன் அணுக்கள் தம்முள் தாமே சங்கிலியாக இணையும் என்று 1858-இல் ஒரு கட்டுரை எழுதி, அதை அறிவியல் கழகத்தில் சமர்ப்பிக்கும்படி உர்ட்சிடம் கொடுத்தார். உர்ட்ஸ் அப்போது கழகத்தின் உறுப்பினர் இல்லை. வேறொருவர் மூலமாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும். நாள் கடந்தது. அதற்குள் ஜெர்மனியில் கெக்குலே அதே கருத்தை வெளியிட்டுவிட்டார். கூப்பர் தம் ஆசிரியரிடம் கோபமாகக் கேட்டார். உர்ட்ஸ் அவரை ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியேற்றிவிட்டார். ஊர் திரும்பிய கூப்பர் உடலும் மனமும் நொந்து, வேதியியலையே கைவிட்டு, 1892 வரை யாரும் அறியாமல் வாழ்ந்து மறைந்தார். நாம் கெக்குலேயைப் படிக்கிறோம், கூப்பரைப் படிப்பதில்லை. உர்ட்ஸ் வேண்டுமென்று தாமதித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்ட மாணவனை வெளியே அனுப்பியது எந்தக் காலத்திலும் எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் வேதியியலாரின் முதல் உலக மாநாடு கூடிற்று. அணு என்றால் என்ன, மூலக்கூறு என்றால் என்ன என்பதிலேயே ஆளுக்கொரு கொள்கை இருந்த காலம் அது. தண்ணீருக்கு எச்.ஓ. என்று எழுதுவோரும் இருந்தனர், எச்.2.ஓ. என்று எழுதுவோரும் இருந்தனர். கெக்குலே, வெல்ட்சியன் ஆகியோரோடு சேர்ந்து அந்த மாநாட்டைக் கூட்டியவர்களில் உர்ட்சும் ஒருவர். மாநாட்டு நடவடிக்கைகளை எழுதி வைத்தவரும் அவரே. இத்தாலியரான கன்னிசாரோ அவகாட்ரோவின் கொள்கையை எடுத்துரைத்தது அங்கேதான். ஊர் திரும்பிய உர்ட்ஸ் பிரான்சில் அணுக் கொள்கைக்குக் கொடி பிடித்தார். பெர்த்தலோவும் சேன்ட் கிளேர் தேவிலும் எதிரணி. கண்ணால் காணாத அணுவை ஏன் நம்ப வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1877-இல் அறிவியல் கழகத்திலேயே இந்தச் சண்டை நடந்தது. 1879-இல் அணுக்கொள்கை பற்றித் தனி நூலே எழுதினார் உர்ட்ஸ். ஆயினும் அவர் வெற்றியைக் கண்ணால் பார்க்கவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தும் பிரெஞ்சு வகுப்பறைகளில் பழைய எழுத்துமுறையே நடந்துகொண்டிருந்தது.

1866-இல் பாரிசு மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். அடுத்த ஆண்டு அறிவியல் கழக உறுப்பினரானார். முதல்வராக இருந்தபோது அவர் செய்தவற்றுள் எனக்குப் பெரிதாகப் படுவது, பெண்களுக்கு மருத்துவப் படிப்பின் கதவைத் திறந்துவிட்டதுதான். மதலேன் பிரெஸ் என்ற பெண், ஒரு வண்டித் தச்சரின் மகள். 15 வயதில் மணமுடித்துக் குழந்தைகளைப் பெற்றவர். மருத்துவம் படிக்க வேண்டும் என்று வந்து நின்றபோது உர்ட்ஸ் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. முதலில் பள்ளியிறுதிப் பட்டத்தை முடித்து வா என்று வழிகாட்டினார். அவர் முடித்து வந்தார். 1868-இல் சேர்க்கப்பட்டார். இங்கிலாந்துப் பெண்மணி எலிசபெத் காரெட் 1870-இல் இங்கே பட்டம் பெற்றார். 1875-இல் பிரெஸ் பிரான்சின் முதல் பெண் மருத்துவரானார். கூப்பரை வெளியேற்றிய அதே கைதான் இந்தக் கதவையும் திறந்தது. மனிதர்களை ஒரே தராசில் நிறுத்த முடிவதில்லை.

அவருடைய ஆய்வுக்கூடம் இடநெருக்கடியானது; அரசு தந்த பணம் போதாது. மாணவர்கள் தங்கள் பங்குக்குப் பணம் போட்டுப் பொருள்கள் வாங்கினார்கள். ஆனாலும் வெளிநாடுகளிலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். ஃப்ரீடல், கிராஃப்ட்ஸ், லெ பெல், வான்ட் ஹாஃப் எல்லாரும் அந்த மேசைகளில் நின்றவர்களே. பாடநூலின் பின்பக்கப் பெயரகராதியைப் பார்த்தால் பாதிப்பேர் இவருடைய மாணவர்கள் போலத் தோன்றும். அவருடைய வகுப்பு உற்சாகமானது. ஓரிடத்தில் நில்லாமல் கையும் வாயும் சேர்ந்து பேசும் ஆசிரியர்.

வேதியியலுக்கு ஒரு பெரும் அகராதியையும் அவர் தலைமையேற்றுத் தொகுத்தார். அதன் முன்னுரையில் வேதியியல் பிரெஞ்சு நாட்டின் அறிவியல், லவாய்சியே நிறுவியது என்று தொடங்கினார். லீபிக்கிடம் பயின்றவர், ஜெர்மானியரோடு சேர்ந்து மாநாடு கூட்டியவர் இப்படி எழுதலாமா என்று ஜெர்மன் அறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். சில ஆண்டுகளில் 1870-ஆம் ஆண்டுப் போர் மூண்டது. பிரான்சு தோற்றது. 1871-இல் அல்சாஸ் ஜெர்மனியின் வசமாயிற்று. உர்ட்ஸ் பிறந்த ஊர் அவருக்கு அயல்நாடாகிவிட்டது.

1872-இல் ஆல்டாலைக் கண்டார். அதே காலத்தில் ருசியாவில் போரடின் என்பவரும் கண்டார். இந்தப் போரடின் இசையமைப்பாளராகவும் புகழ்பெற்றவர். 1875-இல் முதல்வர் பதவியை விட்டு சோர்போனில் கரிம வேதியியல் பேராசிரியரானார். பாரிசு ஏழாம் வட்டத்தின் மேயர், 1881-இல் ஆயுள்கால செனட் உறுப்பினர், அதே ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்தின் கோப்ளி பதக்கம் எனப் பெருமைகள் வந்து சேர்ந்தன. 1884 மே மாதம் பாரிசில் காலமானார். 1889-இல் கட்டி முடிக்கப்பட்ட ஈஃபல் கோபுரத்தில் பொறித்துள்ள 72 பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.

அவர் இறந்து ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து, 1886 ஜனவரியில்தான், கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆகவே தம் கிளைக்கால் எந்த வேலைக்குப் போகும் என்று உர்ட்சுக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை.

என்ஜினுக்குள் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதியில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போக, மற்றொரு பங்கு இரும்பிலும் அலுமினியத்திலும் தங்குகிறது. அதை எடுத்துப் போகாவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும். பென்ஸ் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போனபடியே இருக்கும். மேலே மேலே ஊற்ற வேண்டும். 1900-ஐ ஒட்டி மேபாக் என்ற ஜெர்மானியர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்த பிறகு, அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. ஆனால் குளிர்நாடுகளில் புதிய தொல்லை. தண்ணீர் உறையும்போது விரியும். இரவில் நிறுத்திய வண்டியின் என்ஜின் பிளாக்கு காலையில் வெடித்திருக்கும். ஆல்கஹாலைக் கலந்து பார்த்தார்கள். சூட்டில் அது ஆவியாகிப் போயிற்று. உப்பைக் கலந்தார்கள், உலோகத்தைத் தின்றது. முதல் உலகப் போரில் ஜெர்மனியில் வெடிமருந்துக்குக் கிளிசரின் கிடைக்காமல் கிளைக்காலைப் பயன்படுத்தினார்கள். அப்போதுதான் அது ஆய்வுக்கூடத்தைவிட்டு ஆலைக்கு வந்தது. 1920-களில் அமெரிக்காவில் உர்ட்சின் குளோரோஹைட்ரின் வழியிலேயே பேரளவில் செய்து, 1927-இல் பிரஸ்டோன் என்ற பெயரில் வண்டிகளுக்கு விற்றார்கள். 1931-இல் லெஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் வெள்ளியை வினையூக்கியாக வைத்து எத்திலீனிலிருந்து நேரே எத்திலீன் ஆக்சைடு செய்யும் முறையைத் தந்தார். உர்ட்ஸ் முதன்முதல் வெள்ளியைக் கொண்டு செய்தது, மறுபடி வெள்ளியிடமே வந்து சேர்ந்தது.

இப்போது எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். என் தந்தையார் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறார். கடன் வாங்கி வாங்கிய வண்டி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நான்தான் முதல். சென்ற ஆண்டு கோடையில் தொப்பூர்க் கணவாயில் சுமையோடு ஏறும்போது என்ஜின் கொதித்து, ஹெட் காஸ்கட் போய், ஹெட்டும் வளைந்துவிட்டது. மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே துருவும் வெள்ளைக் காரையும். ஒரு கடையில் கூலண்ட் என்று வாங்கி ஊற்றியது வெறும் பச்சைத் தண்ணீர். குறைந்தபோதெல்லாம் சேர்த்தது ஆழ்குழாய்க் கிணற்று நீர். செலவு 27,000 ரூபாய். இரண்டு மாதத் தவணை நின்றது. அதன்பிறகு அப்பா என்னிடம் கேட்டார். கடையில் பச்சை இருக்கிறது, சிவப்பு இருக்கிறது, நீலம் இருக்கிறது. நீ கெமிஸ்ட்ரி படிக்கிறாயே, எதை வாங்கலாம்? நம் ஊரில்தான் தண்ணீர் உறையாதே, இது எதற்கு?

நியாயமான கேள்வி. விடையை மூன்று பகுதியாகப் பிரித்தே எனக்கு விளங்கிற்று. முதலாவது கொதிநிலை. கிளைக்காலின் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பற்றுவதால் அது 197 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் கலவை ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். உறைநிலை மைனஸ் 37 வரை இறங்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்குவதால் கொதிநிலை இன்னும் ஏறும். ஆகவே மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் எந்தக் கூலண்ட் ஊற்றியும் பயன் குறைவு.

இரண்டாவது அரிமானம். நம் வெப்பநாட்டுக்கு இதுவே முதன்மை. என்ஜினில் இரும்பு, அலுமினியம், செம்பு, பற்றாசு எல்லாம் ஒரே நீரில் நனைந்து நிற்கின்றன. மின்வேதியியல் படித்த நமக்கு அது ஒரு மின்கலம் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளைக்காலும் சூட்டில் நாளாக நாளாக ஆக்சிஜனேற்றமடைந்து அமிலமாகும். இதைத் தடுக்கவே டப்பாவில் அரிமானத் தடுப்பான்களைச் சேர்க்கிறார்கள். நாம் கொடுக்கும் காசில் மதிப்புள்ள பகுதி அதுதான். தடுப்பான்கள் இருவகை. சிலிகேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகளைக் கொண்ட பழைய வகை உலோகத்தின்மேல் ஒரு போர்வைபோல் விரைவாகப் படியும். விரைவாகவே தீர்ந்தும் போகும். ஏறத்தாழ இரண்டாண்டில் மாற்ற வேண்டும். கரிம அமிலங்களைக் கொண்ட புதிய வகை, அரிமானம் தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் ஐந்தாண்டு வரை நிற்கும். இரண்டையும் சேர்த்துச் செய்த கலப்பு வகையும் உண்டு.

இனி நிறம். அது வெறும் சாயம். கசிவு கண்ணுக்குத் தெரியவும், தங்கள் சரக்கை அடையாளம் காட்டவும் போடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆகையால் நிறத்தைப் பார்த்து வாங்குவது சட்டைத் துணியைப் பார்த்து ஆளை எடைபோடுவது போலத்தான். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை, எந்தத் தர எண் என்று போட்டிருக்கும். டப்பாவில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியத் தரம் ஐ.எஸ். 5759, ஜப்பானியத் தரம் ஜே.ஐ.எஸ். கே 2234, அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். டி 3306; கனரக டீசல் என்ஜின்களுக்கு டி 6210. ஈரலைனர் உள்ள பெரிய டீசல் என்ஜின்களில் அதிர்வால் குமிழிகள் வெடித்து லைனரில் ஊசித்துளை விழும். அதைத் தடுக்கும் பொருள் கனரக வகையில் சேர்ந்திருக்கும். கார் கூலண்டை லாரிக்கு ஊற்றக்கூடாது என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். எந்த எண்ணும் இல்லாத டப்பா என்ன விலைக்குக் கிடைத்தாலும் அதிக விலைதான். எங்களுக்கு அது 27,000 ரூபாய் விலை!

மூன்றாவது தண்ணீர். அடர் கூலண்டை அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று ஒரு நம்பிக்கை ஓட்டுநர்களிடையே இருக்கிறது. தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும், தண்ணீரைவிடக் குழகுழப்பானது, வெப்பத்தைச் சுமக்கும் திறனும் குறைவு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணை இல்லை. எனவே பாதிக்குப் பாதி என்பது நல்ல கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கூலண்ட் குறைந்தால் தடுப்பான்களும் நீர்த்துப்போகும். சேர்க்கும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவோ அயனி நீக்கியதாகவோ இருக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். நம் ஆழ்குழாய் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிவாகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்க்கிறோமே, அதே காரை ரேடியேட்டரின் நுண்குழாய்களுக்குள் அடைக்கும். அளந்து கலக்க நேரமில்லாதவர்கள் கலந்தே விற்கும் வகையை வாங்கலாம். விலையைக் கணக்கிட்டால் பாதி தண்ணீருக்குப் போகிறது, அவ்வளவுதான். பழைய வகை இருக்கும் வண்டியில் புதிய வகையை ஊற்றினால் புதியதன் ஆயுள் குறைந்துவிடும், சில சமயம் கூழாகவும் திரளும். முழுவதும் வடித்து, சுத்தமான நீரால் அலசிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கையேட்டில் கண்ட எண்ணை ஓர் அட்டையில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். பெர்மிட்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். கடைக்காரரிடம் அட்டையை நீட்டுகிறார். அவர் நிலையத்து ஓட்டுநர்கள் இருவர் அதைப் படி எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வண்டி வேறு என்பதால் எண்ணும் வேறாகலாம், கையேட்டைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று.

கடைசியாக அந்த இனிப்பு. கிளைக்கால் உடலுக்குள் போனால் கல்லீரலில் படிப்படியாக ஆக்சாலிக் அமிலமாக மாறி, இரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். சிறிதளவு குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. இனிப்பாக இருப்பதால் நாயும் நக்கும், குழந்தையும் குடிக்கும். இதற்காகவே சிலர் கசப்புப் பொருளைச் சேர்த்து விற்கிறார்கள். நச்சுத்தன்மை மிகக் குறைந்த புரொப்பிலீன் கிளைக்கால் கூலண்டும் உண்டு. மீந்த கூலண்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வண்டியிலும் வீட்டு மூலையிலும் வைக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதை இன்றே விட வேண்டும். வடித்த கூலண்டைச் சாக்கடையிலும் வயல் ஓரத்திலும் கொட்டவும் கூடாது. யாரேனும் குடித்துவிட்டால் நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், என்ன குடித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். முடிந்தால் டப்பாவையும் எடுத்துப் போக வேண்டும். ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் அளவறிந்து எத்தில் ஆல்கஹாலைச் செலுத்துகிறார்கள். கல்லீரலின் நொதி ஆல்கஹாலையே முதலில் பற்றிக்கொள்வதால், கிளைக்கால் அமிலமாக மாற வழியின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது.